வலக்கை வண்டி

டீயை வாயில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்ததுதான் தப்பு. திரையில் இருந்ததைப் படித்த வேகத்தில் டீ மூக்கில் ஏறி, இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, கீபோர்டெல்லாம் நனைந்துவிட்டது. சட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே சின்ன மாப்பிள்ளை மறுபடியும் படித்தான். படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை அது. கீழே டயர் கடையில் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தவன்கூட ஒரு நிமிஷம் நிமிர்ந்து மாடியைப் பார்த்தான்.

பழைய கனரக வண்டிகளை வாங்கி விற்கும் ஆன்லைன் சந்தை ஒன்றில் அவனுக்கு வேலை. லாரி, ஜேசிபி என்று எல்லோரும் கேட்கிற சாமான்கள் சந்தையில் தானாகவே விலைபோய்விடும். கம்பெனியே செய்வதை நிறுத்திவிட்ட வண்டி, எங்கோ ஒரு ஷெட்டில் துருப்பிடித்துக் கிடக்கிற வண்டி, இப்படி யாருக்கும் அகப்படாததைக் கேட்டு வருகிற விண்ணப்பங்கள் 'தேவை' என்ற பகுதியில் வந்து விழும். அவற்றைத் தேடிப் பிடித்துக் கொடுப்பது இவன் பாடு. கேட்கிறவர் பெயரையும் போன் நம்பரையும் சந்தை மறைத்து வைத்திருக்கும். பேச்சுவார்த்தை எல்லாம் சந்தையின் வழியாகத்தான். இல்லாவிட்டால் வாங்குகிறவனும் விற்கிறவனும் பின்பக்கமாகக் கைகோத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று முதலாளிகளுக்குப் பயம்.

அன்று வந்திருந்த விண்ணப்பம் இதுதான்: 'பைப் தூக்கும் சைடு பூம் வண்டி தேவை. பழைய மாடல். கை வலப்பக்கம் இருக்க வேண்டும். கண்டிப்பாக வலப்பக்கம். மிக அவசரம்.'

சைடு பூம் என்பது புல்டோசர் மாதிரி செயின் சக்கரத்தில் ஊர்கிற வண்டி. அதன் விலாவில் இரும்புக் கை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பள்ளத்தை ஒட்டி இரண்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து, நடுவில் நீளமான பைப்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் இறக்கும். உலகத்தில் எந்த சைடு பூமை எடுத்தாலும் கை இடப்பக்கம்தான் இருக்கும். எந்தக் காலத்திலோ ஒரு கான்டிராக்டர், மலைச்சரிவு வேலைக்கென்று, கையை வலப்பக்கம் மாற்றி இரண்டு வண்டிகள் செய்து வாங்கினார். இரண்டே இரண்டு. வலக்கை வண்டி என்று தொழிலில் அதற்குப் பேர். அதில் ஒன்று யாரிடம் இருக்கிறது என்பது சின்ன மாப்பிள்ளைக்குத் தெரியும். பாதி அவனுடைய வண்டி அது. கையில் ஒன்று இருக்கிறவனைத் தவிர வேறு எந்தப் பைத்தியக்காரனும் அதற்கு ஜோடி கேட்டு விளம்பரம் கொடுக்க மாட்டான்.

"வாங்க சகலை, வாங்க," என்றான் திரையைப் பார்த்து. "எத்தனை வருஷம் ஆச்சு உங்களப் பாத்து."

அப்படிச் சொன்னாலும், பெரிய மாப்பிள்ளையை அவன் போன மாதம்தான் மாமனார் வீட்டில் பார்த்திருந்தான். பார்த்தான், அவ்வளவுதான். அவர் ஹாலில் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். இவன் வழக்கம்போல வாசல் பக்கம், செருப்புகளுக்குக் காவல் மாதிரி நின்றிருந்தான். பெரியவரின் கடைக்குட்டிப் பெண் ஓடி வந்து, "டீசல் சித்தப்பா, ஊஞ்சல் ஆட்டி விடுங்க," என்றாள். குழந்தைக்கு அது பட்டப்பெயர் என்றே தெரியாது. பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த பேர் அது. சித்தப்பா ஊஞ்சலை ஆட்டிவிட்டார். வேறு என்ன செய்ய?

கதை வேறொன்றும் இல்லை. அக்காளைக் கட்டியவரும் தங்கையைக் கட்டியவனும் சேர்ந்து தொழில் தொடங்கினார்கள். அந்த ஒற்றை வலக்கை வண்டியை வாங்கி, அக்கம்பக்கத்துச் சில்லறை வேலைகளுக்கு ஓட்டினார்கள். ஓட்டுவது சின்னவன், ஆள் பிடிப்பது பெரியவர். வண்டி ஓடியது, அதை நிறுத்த யார்டு ஒன்று வந்தது, பெரியவருக்குத் தொப்பையும் வந்தது. அப்புறம் டீசல் குறைய ஆரம்பித்தது. நிரப்பி வைத்த பீப்பாய் பாதியாக நிற்கும். யாரைக் கேட்பது? இவன் மனசில் யாரையும் நினைக்கவில்லை. பீப்பாய் ஒழுகுகிறதோ என்று அடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான், அப்பாவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். சின்னவனுக்கு அன்று தலைகால் புரியாத சந்தோஷம். இன்னொரு வலக்கை வண்டி எங்கே இருக்கிறது என்று அலைந்து திரிந்து கண்டுபிடித்துவிட்டான். அதன் போட்டோவைச் சட்டைப் பையில் வைத்திருந்தான். சாப்பாடு முடிந்ததும் எடுத்துக் காட்டி சகலையை அசத்திவிட வேண்டும் என்று எண்ணம். பெரியவர் முந்திக்கொண்டார். "யார்டுல டீசல் திருடு போகுது மாமா. வெளி ஆள் இல்ல. நம்ம வீட்டு ஆள்தான்," என்றார். சொல்லிவிட்டு எட்டி இவன் வலது கையைப் பிடித்து, மாமனார் மூக்குக்கு நேரே நீட்டினார். "நீங்களே மோந்து பாருங்க."

மாமனார் மோந்து பார்த்தார். மாமியார் மோந்து பார்த்தாள். மச்சான்கள் வரிசையாக மோந்து பார்த்தார்கள். எல்லோரும் டீசல் என்றார்கள். வண்டி ஓட்டுகிறவன் கையில் டீசல் மணக்காமல் மல்லிகைப்பூவா மணக்கும்? ராத்திரி பகல் சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் இருக்கும் அது. இதைச் சொல்ல அவனுக்கு வாய் எழவில்லை. தன் கை தன்னுடையது இல்லாத மாதிரி, நீட்டிய இடத்திலேயே நின்றது. அவன் மனைவி மட்டும் மோந்து பார்க்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். போட்டோ பையிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு யார்டு பெரியவருடையது, வண்டி பெரியவருடையது, மரியாதையும் அவருடையது. இவனுக்கு 'டீசல்' என்ற பேர் மிச்சம். அந்தக் கறுவல் ஒரு நாளும் ஆறவில்லை. சாப்பிடும்போது கையை வாய்க்குக் கொண்டுபோகிற ஒவ்வொரு தடவையும் தன்னையறியாமல் மோந்து பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து டீசலைத் தொட்டே எத்தனையோ காலம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. சகலையின் கழுத்து எப்போது கைக்குள் வரும் என்று அவன் காத்திருந்தது உண்மை. இப்படி அவசரமாக, கண்டிப்பாக வலப்பக்கமாக, அதுவாகவே வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

கீபோர்டைத் துடைத்துவிட்டு, சந்தையின் சார்பில் பதில் எழுதினான். 'வணக்கம். தேடிப் பார்க்கிறோம். எதற்காகத் தேவை என்று சொன்னால் உதவியாக இருக்கும்.'

உடனே பதில் வந்தது. மலைச்சரிவில் குடிதண்ணீர் பைப் பதிக்கிற பெரிய வேலை கிடைத்திருக்கிறதாம். அடிவாரத்திலிருந்து ஏறிப் போக ஒரே பாதை, பள்ளம் வலப்பக்கம். இடக்கை வண்டி கொண்டுபோனால் ரிவர்ஸில்தான் மலை ஏற வேண்டும். ஒரு வலக்கை வண்டி இருக்கிறது, இன்னொன்று இல்லாவிட்டால் வேலை கைவிட்டுப் போய்விடும், யார்டையே அடமானம் வைத்து எடுத்த வேலை. கடைசி வரி: 'கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க சார்.'

சார்! அந்த ஒரு சொல்லை அவன் பலகாரம் மாதிரி வைத்து வைத்துச் சாப்பிட்டான். அன்று முழுக்க அவனுக்கு வேறு சாப்பாடு தேவைப்படவில்லை.

தண்ணி காட்டுவது என்றால் என்னவென்று அதற்குப் பிறகு பெரிய மாப்பிள்ளை தெரிந்துகொண்டார். இந்தத் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. விற்கிறவர்கள் எல்லோரும் வண்டிக்கு எதிரே நின்றுதான் பார்ப்பார்கள், எதிரே நின்றுதான் போட்டோ எடுப்பார்கள். எதிரே நிற்கிறவனுக்கு வண்டியின் இடது தன் வலது. எனவே 'கை எந்தப் பக்கம்?' என்று கேட்டால், இடக்கை வண்டி வைத்திருக்கிற அத்தனை பேரும் மனசாரச் சத்தியம் பண்ணி 'வலப்பக்கம்' என்பார்கள். பொய் சொல்வதாக யாரையும் குற்றம் சொல்ல முடியாது. சீட்டில் உட்கார்ந்தால்தான் உண்மை தெரியும். சின்ன மாப்பிள்ளை ஒரு பொய்யும் சொல்லவில்லை. விற்கிறவர்கள் 'வலப்பக்கம்' என்று சொன்னதை அப்படியே அனுப்பி வைத்தான், அவ்வளவுதான்.

பெரியவர் துறைமுகத்துக்குப் போனார். ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்து, இடுப்பு ஒடிந்து, இரும்புக் கிடங்குக்குள் ஏறிக் குதித்துப் போய்ப் பார்த்தால் இடக்கை. அடுத்து ஒரு சுரங்கத்துக்குப் போனார். அங்கேயும் இடக்கை, கூடவே நாய் துரத்தியது. 'இது இடப்பக்கம் சார்' என்று படத்தோடு மெசேஜ் வரும். 'பின்னால் நின்று பார்த்தீர்களா?' என்று இவன் கேட்பான். 'சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன் சார்.' 'ஏறி உட்கார்ந்த போட்டோ அனுப்புங்கள், சந்தைக்கு ஆதாரம் வேண்டும்.' பெரியவர் தொப்பையோடு சீட்டில் ஏறி, வியர்வை வழிய, யாரையோ எடுக்கச் சொல்லிப் போட்டோ அனுப்புவார். 'முகம் தெளிவாக இல்லை' என்று இவன் திருப்பி அனுப்புவான். இன்னொரு தடவை ஏறுவார். அந்தப் போட்டோக்களையெல்லாம் பெரிதாக்கி, கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த கருவளையத்தைப் பார்த்து ரசித்தான். நெஞ்சில் குளுகுளுவென்று இருந்தது.

ஒரு மாலை வீட்டுக்குப் போனபோது மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் அக்காள். "அழாதக்கா, கிடைச்சுடும்," என்று சொல்லிவிட்டு வைத்தாள். துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "மாமா தூங்கறதே இல்லையாம். ஏதோ வண்டி தேடி நாய் மாதிரி அலையறாராம். எவனோ ஒரு ஏஜென்ட் இழுத்தடிக்கிறானாம். வலதுன்னு சொல்றானாம், போய்ப் பாத்தா இடதாம். அக்கா அவனச் சபிச்சுக் கொட்டறா."

அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. உதட்டைக் கடித்தான். அது மூக்கு வழியாக வந்துவிட்டது. மனைவி மடித்துக்கொண்டிருந்த சட்டையோடு அப்படியே நின்று அவனைப் பார்த்தாள்.

"நீங்களா?"

"நான் தேடித்தான் குடுக்கறேன். அவருக்குக் கிடைக்கல."

"எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"குடுத்துடுங்க. போதும்."

"எது போதும்?" குரல் தானாக உயர்ந்தது. "எது போதும்ங்கற? எத்தனை வருஷமா என்னை டீசல்னு கூப்பிடறானுங்க. உன் அக்கா பொண்ணு கூப்பிடறா. நம்ம வீட்டுக்குப் பால் போடறவன்கூடக் கேட்டான், ஏன் சார் உங்களுக்கு அந்தப் பேருன்னு. அன்னைக்கு எல்லாரும் என் கையை மோந்து பாத்தப்ப நீ ஒரு வார்த்தை பேசினியா? தட்டத் தூக்கிட்டு உள்ள போயிட்ட. ஏன் பேசல? அதச் சொல்லு முதல்ல."

இந்தக் கேள்வியை அவன் இத்தனை காலமும் கேட்டதில்லை. பதில் தெரியும் என்று நினைத்திருந்தான். அக்காள் குடும்பத்தோடு பகைக்க வேண்டாம் என்று பேசாமல் இருந்திருப்பாள், பயந்திருப்பாள், பெண்பிள்ளை என்ன செய்வாள் என்று அவளுக்காக அவனே பதில் சொல்லி வைத்திருந்தான். மனைவி சட்டையின் காலரை நீவி, மடித்து, மேலே வைத்தாள்.

"என்ன பேசறது? எடுத்தீங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாதே."

"என்னது?"

"தெரியாதுங்க. அன்னைக்கும் தெரியாது, இன்னைக்கும் தெரியாது. நீங்க எடுக்கலன்னு ஒரு நாளும் சொல்லலையே. பேசாமத்தானே இருந்தீங்க."

"அதுக்காக... தெரியாமலேயா இத்தனை நாள் என்கூட இருந்த?"

"எடுத்திருந்தா மட்டும் என்ன? விட்டுட்டா போக முடியும்?" என்றாள். கோபமே இல்லாமல், காய்கறி விலை சொல்வது போலச் சொன்னாள். அதில் பிரியமும் இருந்தது, அதுதான் அவனைக் கொன்றது. திருடனோடு ஒரு பெண் சகித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அவன் துவைத்துக் கொடுத்த புடவை, அவன் பிடித்துவிட்ட கால், எல்லாம் திருடன் செய்ததாகவும் இருக்கலாம் என்ற நினைப்போடு இருந்திருக்கிறாள். அவனுக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. உட்கார்ந்தான். கை தானாக மூக்குக்குப் போனதைப் பார்த்து, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதுவரை விளையாட்டாக இருந்தது. அன்றோடு விளையாட்டு போயிற்று. சகலை அலைந்தால் போதாது, வாயைத் திறக்க வேண்டும். மாமனார் முன்னால், மச்சான்கள் முன்னால், முக்கியமாக இவள் முன்னால்.

மறுநாளே மரக்கடைக்குப் போனான். இரண்டாவது வலக்கை வண்டி அங்கேதான் இத்தனை காலமும் மரம் தூக்கிக்கொண்டிருந்தது. கடைக்காரம்மாவுக்கு அவனை நினைவிருந்தது. புருஷன் போன பிறகு கடையை ஒற்றை ஆளாக நடத்துகிறவள். பேச்சு எப்போதும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"விக்கிறதுக்கு இல்ல," என்றாள். "வாடகைக்கு வேணா எடுத்துட்டுப் போ. ஆனா நீதான் ஓட்டணும். வேற எவனாவது தொட்டான்னு தெரிஞ்சா அன்னைக்கே திருப்பிக் கொண்டாந்துடுவேன். போன தடவை ஒருத்தன்கிட்ட குடுத்து, கியரையே தின்னுட்டான்."

"நான் ஓட்டி ரொம்ப நாள் ஆச்சும்மா."

"மறந்தா போயிடும்? ஏறிப் பாரு."

ஏறினான். கை தானாகவே லீவரைத் தேடிப் போயிற்று. ஒரு அடிமரத்தைத் தூக்கி, சுற்றி, இறக்கி வைத்தான். தூசி அடங்கியபோது கையில் டீசல் மணம் ஏறியிருந்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு உண்மையான மணம். வேண்டுமென்றே மோந்து பார்த்தான்.

பிறகு பெரிய மாப்பிள்ளைக்கு மெசேஜ் அனுப்பினான். 'வண்டி கிடைத்துவிட்டது. உறுதியாக வலக்கை. ஞாயிற்றுக்கிழமை ஆபீசுக்கு நேரில் வாருங்கள்.' மனைவியை அன்று அவள் அப்பா வீட்டுக்குப் போய் இருக்கச் சொன்னான்.

பெரியவர் படியேறி வந்தார். கதவைத் தள்ளும்போதே "வணக்கம் சார்," என்றார். சார் நாற்காலியைத் திருப்பினான். பெரியவரின் முகத்தில் என்னென்னவோ ஓடியது. முதலில் வழி தவறி வந்துவிட்டோம் என்ற குழப்பம். பிறகு துறைமுகம், சுரங்கம், நாய் எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது போலிருந்தது. இந்த நிமிஷத்தைச் சின்ன மாப்பிள்ளை ஆயிரம் தடவை மனசில் ஓட்டிப் பார்த்திருந்தான். அதில் பெரியவர் கத்துவார், சட்டையைப் பிடிப்பார். நிஜத்தில் அவர் எதிரே இருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து, "தண்ணி இருக்கா?" என்றார்.

தண்ணீர் கொடுத்தான். குடித்தார்.

"என்னடா வேணும் உனக்கு?"

"நான் டீசல் எடுக்கலன்னு சொல்லணும். எல்லார் முன்னாடியும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பெரியவர் அப்படியே போனை எடுத்தார். இவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேரம் பேசுவார், மழுப்புவார், அழக்கூட அழுவார் என்று எதிர்பார்த்தான். மூக்கைச் சிந்துகிற மாதிரி சுலபமாக நம்பரைப் போட்டு, சத்தமாக வைத்து, மேஜைமேல் வைத்தார். அந்தப் பக்கம் மாமனார் வீட்டுச் சந்தடி கேட்டது. தட்டு சத்தம், டிவி சத்தம்.

"மாமா, எல்லாரும் இருக்கீங்களா? டிவிய நிறுத்துங்க. ஒரு விஷயம் சொல்லணும். அந்தக் காலத்துல யார்டுல டீசல் போச்சுல்ல, அத சின்னவன் எடுக்கல. நான் தப்பாச் சொல்லிட்டேன். அவன் எடுக்கல."

பிறகு பெரியவரின் மனைவி குரல் கேட்டது. "எங்க இருக்கீங்க நீங்க?"

"சின்னவன் ஆபீஸ்ல. இவன்தான் அந்த ஏஜென்ட். வண்டி இவன்கிட்டதான் இருக்கு."

"ஓ," என்றாள் அவள். அந்த 'ஓ' நீண்டுகொண்டே போயிற்று. "அப்படியா சேதி."

மாமனார் தொண்டையைச் செருமினார். "மாப்ள, வண்டி கிடைக்கணும்னா எதையாவது சொல்லித்தான் ஆகணும். சொல்லிட்டீங்க, விடுங்க. சின்ன மாப்ள கேக்கறாரா? சின்ன மாப்ள, அவர் பாவம், ரொம்ப அலைஞ்சுட்டார். வண்டியக் குடுத்துடுங்க. பழசையெல்லாம் நாங்க எப்பவோ மறந்தாச்சு. யாரும் மனசுல வச்சுக்கல."

மறந்தாச்சாம். மன்னித்துவிட்டார்களாம், இல்லாத திருட்டை! சின்ன மாப்பிள்ளை போன் பக்கம் குனிந்தான். "அவ இருக்காளா? அவகிட்ட குடுங்க," என்றான். மனைவி வந்தாள். "கேட்டேங்க," என்றாள். அந்தக் குரலில், துணி மடித்த அன்றைக்கு இருந்த அதே பொறுமை இருந்தது. கூடவே புதிதாக ஒன்றும் இருந்தது, வெட்கம். புருஷன் ஒரு மனிதனின் கழுத்தைப் பிடித்து நல்ல பேர் வாங்கிவிட்டானே என்ற வெட்கம். போன் வைக்கப்பட்டது.

"சொல்லிட்டேன்டா," என்றார் பெரியவர் கைகளை விரித்து. உண்மையிலேயே தன்னால் ஆனதைச் செய்துவிட்ட முகம். "நம்பலன்னா நான் என்ன பண்ணட்டும்?"

இவன் எடுக்கவில்லை என்றாரே தவிர, யார் எடுத்தது என்று அவர் சொல்லவில்லை. சின்ன மாப்பிள்ளை அதைக் கவனித்தான். சந்தையில் ஓர் ஆண்டு லீவு எழுதிப் போட்டான். "வண்டி வரும். ஓட்டறது நான்தான், கடைக்காரம்மா கண்டிஷன்," என்றான். பெரியவர் வயிற்றில் பால் வார்த்த மாதிரி ஆயிற்று. "நீ வந்தா போதும்டா தம்பி," என்றார். தம்பி என்றார்.

மலைச்சரிவு வேலை தொடங்கியது. பெரியவரின் வண்டிக்குக் கூலிக்கு வந்த ஆப்பரேட்டர்கள் ஒருவரும் நிலைக்கவில்லை. இடக்கை வண்டியில் பழகியவனுக்கு இது கண்ணாடியில் பார்த்து முகம் வழிக்கிற மாதிரி எல்லாம் தலைகீழ். ஒருவன் பைப்பை மண்மேட்டில் இடித்துவிட்டு, சாப்பிடப் போகிறேன் என்று போனவன் திரும்பவே இல்லை. கடைசியில் பெரியவரே ஏறி உட்கார்ந்தார். தொழில் தொடங்கிய காலத்தில் கொஞ்சம் ஓட்டிப் பழகியவர். அவர் முன்னால், சின்னவன் பின்னால், நடுவில் பைப். முன்னால் போகிறவர் கையைத் தூக்கி, இறக்கி, அசைத்துச் சைகை காட்டுவார். பின்னால் வருகிறவன் அப்படியே செய்ய வேண்டும். நாள் முழுக்க அவன் பார்ப்பது சகலையின் பிடரியைத்தான். வெயிலில் சிவந்து, மடிப்பு மடிப்பாக, வியர்வை ஊறிய பிடரி. அதைப் பார்த்துக்கொண்டே, அவர் கை அசைகிறபடி ஆடினான். மறுபடியும் அவர் சொல்படி ஓட்டுகிறவனாகிவிட்டோம் என்பது அவனுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. வண்டி கிடைத்தது அவருக்கு. வேலை நிலைத்தது அவருக்கு. யார்டு தப்பித்தது அவருக்கு. இவன் சம்பாதித்ததெல்லாம் மேலும் ஒரு கெட்ட பேர்தான்.

பாதி மலை ஏறியிருந்தார்கள். அந்த இடத்தில் பாதை குறுகல். இடப்பக்கம் மண்சுவர் உரசுகிறது, வலப்பக்கம் வெட்டிய பள்ளம், அதற்கு அப்பால் வெறும் சரிவு. பைப்புக்கு அடியில் ஆள் நிற்கக் கூடாதென்று வேலையாட்களை எல்லாம் கீழே அனுப்பியிருந்தார்கள். மேலே வளைவில் அக்காளும் தங்கையும் சாப்பாட்டுக் கூடையோடு வந்து நின்றிருந்தார்கள். இப்போதெல்லாம் சேர்ந்துதான் வருகிறார்கள். குடும்பம் ஒன்று சேர்ந்துவிட்டதில் மாமனாருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

தூக்குகிற பாரத்தைச் சமன் செய்ய வண்டியின் மறுபக்கத்தில் ஓர் எடைக்கட்டை உண்டு. அதை முழுக்க வெளியே தள்ளி வைத்தால்தான் வண்டி கவிழாது. மண்சுவர் இடித்ததால் பெரியவர் தன் எடைக்கட்டையைப் பாதிதான் தள்ளியிருந்தார். சின்ன மாப்பிள்ளை பின்னால் இருந்து அதைப் பார்த்தான். தன்னுடையதை முழுக்கத் தள்ளினான், அவன் நின்ற இடத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. பிறகு வண்டியை நிறுத்தினான். பெரியவர் கை 'வா' என்றது. அவன் போகவில்லை. லீவரைத் தொட்டு, தன் வண்டியின் இரும்புக் கையை மெல்ல வெளிப்பக்கம் சாய்த்தான். பைப் பள்ளத்தைத் தாண்டிச் சரிவுப் பக்கம் போயிற்று. முன்வண்டியில் பைப்பைத் தாங்கி நேராகத் தொங்கிய கயிறு கோணலாக இழுபட்டது.

பெரியவர் திரும்பினார். "என்னடா பண்ற? உள்ள இழு!"

"யார் எடுத்தது?"

"என்ன?"

"டீசல். யார் எடுத்தது?"

"பைத்தியமா உனக்கு? இப்பவா கேப்ப?"

"இப்பத்தான் கேப்பேன்." இன்னும் கொஞ்சம் சாய்த்தான். முன்வண்டி முனகியது. அதன் இடப்பக்கத்துச் செயின், மண்சுவர் ஓரத்தில், தரையை விட்டு எழும்பியது.

பெரியவர் அதைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது. தொப்பையும் அதட்டலும் போய், பிழைக்க வந்த காலத்து ஒல்லி ஆள் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"நான்தான்டா!" என்று கத்தினார். "நான்தான் எடுத்து வித்தேன். மாமா அதுக்கு முன்னாடியே கேட்டுட்டிருந்தார், எங்க போகுதுன்னு. உன் கை பக்கத்துல இருந்துச்சு, பிடிச்சு நீட்டிட்டேன். அவ்வளவுதான்டா. இறக்குடா தம்பி, கால்ல விழறேன்!"

ஒரு சொல் விடாமல் அவனுக்குக் கேட்டது. எத்தனையோ வருஷமாகக் கேட்கக் காத்திருந்த காது அது. அவன் மேலே வளைவைப் பார்த்தான். இரண்டு இன்ஜின்களும் போட்ட இரைச்சலில் அங்கே ஒன்றும் போய்ச் சேர்ந்திருக்காது. சகலைகள் இரண்டு பேரும் வேலை விஷயமாக ஏதோ கத்திக்கொள்கிறார்கள் என்று நினைத்து அக்காள் கூடையைத் திறந்துகொண்டிருந்தாள். அவன் மனைவி மட்டும் கையை நெற்றியில் வைத்து, வெயிலுக்கு மறைத்துக்கொண்டு, உற்றுப் பார்த்தாள். கையை அசைத்து என்ன என்று கேட்டாள்.

"அவகிட்ட சொல்லு," என்றான் அவன். "அவளுக்குக் கேக்கற மாதிரி சொல்லு."

பெரியவர் மேலே திரும்பி, வாயைத் திறந்து கத்தினார். இன்ஜின் அதைத் தின்றது. மறுபடியும் கத்தினார், கழுத்து நரம்பெல்லாம் புடைக்க. அவள் தலையை ஆட்டினாள், கேட்கவில்லை என்று. காதருகே கையைக் குவித்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சரிவில் ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து, அவர்களை நோக்கி இறங்க ஆரம்பித்தாள்.

அவன் கை லீவரிலேயே இருந்தது. முன்வண்டியின் செயினுக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு கை நுழைகிற அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. செயின் பற்களில் ஒட்டியிருந்த ஈர மண், அந்த வெளிச்சத்தின் வழியாக, கட்டி கட்டியாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது.